மூன்றாவது பத்தி

மார்ச் 4

தம்பி,

போனில் நீ மூன்று விஷயம் சொன்னாய். அம்மாவைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டேன் என்றாய். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றாய். மூன்றாவதை நான் திருப்பி எழுதப் போவதில்லை. இனிமேல் போன் செய்யாதே. சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பு. எழுதும்போது கையாவது கொஞ்சம் தயங்கும்.

இது நம் வீட்டில் இருந்த முறைதான். நாம் அடித்துக்கொண்டு போய் நின்றால் அம்மா வாய்ப்பேச்சில் எதையும் கேட்டதில்லை. "எழுதிக் குடு" என்பாள். ஆளுக்கு ஓர் அரைத்தாள். பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். ஆபீஸிலிருந்து வந்து, டீயோடு உட்கார்ந்து படிப்பாள். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதித் தருவாள். பாவம், நம் கத்தலைக் கேட்கக்கூடத் தெம்பில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவள் இரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவையும் நான் மருந்துக் கடையில், யாரோ ஒருவருடைய அம்மாவுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. நாக்கில் ஒரு கோளாறும் இல்லை, பேச விருப்பமில்லை என்கிறார் டாக்டர். முதியோர் இல்லத்தில் சேர்த்து ஒரு வாரம் ஆகிறது. ஜன்னல் ஓரக் கட்டில். கீழ்த்தளம்.

இத்துடன் ஒரு படிவத்தின் நகல் இருக்கிறது. இருபத்திரண்டு கேள்விகள். என்ன பாட்டு பிடிக்கும், கூட்டம் பிடிக்குமா, காலையில் உற்சாகமா மாலையிலா. அதைப் பார்த்து அங்கே ஒரு பெண் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வார அட்டவணை போடுகிறாள். அவளை எல்லோரும் டைம்டேபிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோபித்துக்கொள்வதில்லை. நான் எழுதியது: செடி வளர்ப்பது, பழைய பாட்டு, அமைதி. வேலை என்ற இடத்தில் "எழுத்தர், ஓய்வு" என்று போட்டேன். கட்டம் சின்னது.

மகனும் ஒன்று நிரப்ப வேண்டுமாம். நிரப்பி அனுப்பு.

அக்கா


மார்ச் 15

அக்கா,

படிவம் கிடைத்தது. சுரங்கப்பாதை வேலை நடக்கும் இந்த இடத்துக்குத் தபால் வாரம் இரண்டு முறை சிமெண்ட் லாரியில் வரும். தாமதத்துக்கு அதுதான் காரணம். ஆபரேஷனுக்கு நான் வராததற்கும் காரணம் உனக்குத் தெரியும். லீவு கிடைக்கவில்லை.

செடிகள் அப்பாவுடையவை. அம்மா தண்ணீர் ஊற்றினாள். அப்பா போன பிறகும் ஊற்றினாள். பழக்கத்தை நீ விருப்பம் என்று எழுதியிருக்கிறாய். பாட்டும் அப்படியே. ரேடியோவை அவள் ஒருநாளும் போட்டதில்லை. யாராவது போட்டால் அணைக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் தெரியவில்லை. ஒன்பதாவது கேள்வி: "எதைச் செய்யும்போது இவர் நேரம் போவதை மறப்பார்?" பென்சிலைப் பிடித்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவள் டீயில் சர்க்கரை போடமாட்டாள். அது மட்டும் உறுதியாகத் தெரியும். அதற்குக் கேள்வி இல்லை.

"சதுரங்கம்" என்று எழுதியிருக்கிறேன். எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தது அவள்தான். அதற்கு மேல் எதுவும் நிரப்ப முடியவில்லை.

மேலதிகாரியிடம் மறுபடி கேட்கிறேன். போன மாதம் கேட்டேன், லீவு கிடைக்கவில்லை.

தம்பி


மார்ச் 28

தம்பி,

உன் சதுரங்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

செடி: தொட்டியையும் பூவாளியையும் கொடுத்தார்கள். தண்ணீரை மொத்தமாக ஒரே செடிக்குக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பாட்டு: தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாள். சதுரங்கம்: எதிரே உட்காரவைத்தது ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரை. குதிரை எப்படிப் போகும் என்று அவர் இவளிடம் கேட்டிருக்கிறார். அம்மா அந்தக் குதிரையை எடுத்து அவர் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டாள். "பரவால்ல, டிக்கெட் எடுக்காம ஏறிடுச்சு" என்றாராம் அவர். டைம்டேபிள் இதைச் சொல்லும்போது சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டாள். ஏனென்றால் அட்டவணையில் அவள் எழுத வேண்டியது "பங்கேற்கவில்லை". மூன்று வாரமாக அதே வார்த்தை.

அம்மா இல்லத்துக்குப் போன பிறகு வந்த முதல் வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். ஆறு வருடமாக ஒரு காதைத் திறந்து வைத்தே தூங்கிக்கொண்டிருந்தேன். இப்போது காலையில் எழுந்து, இவ்வளவு தூங்கிவிட்டோமே என்று கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 30 அன்று மறுஆய்வுக் கூட்டம். எதிலும் சேராதவர்களை மாடிக்கு மாற்றுவது அவர்கள் வழக்கம். கீழே இடத்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமாக இருக்கிறது. டிவி ஓடுகிறது, சத்தம் இல்லாமல். பன்னிரண்டு கட்டில்கள். எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார்கள். திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் எல்லோருக்கும் ஒன்றுதானாம்.

அங்கே படிவம் கிடையாது. யாரும் எதுவும் கேட்பதில்லை.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

படித்தேன். மாடியைப் பற்றி எழுதியது அழகாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தும் உன்னால் இவ்வளவு நிதானமாக எழுத முடிகிறது.

இருபத்திரண்டு கேள்வியையும் அவளைப் பார்க்காமலேயே நிரப்பியிருக்கிறாய். கடைக் கவுண்டரில் நின்றபடி நிரப்பியிருப்பாய். "அமைதி" என்று எழுதினாயே, அது அம்மாவின் விருப்பமா, உன் விருப்பமா? உனக்கு வீட்டில் அமைதி வேண்டியிருந்தது. கிடைத்துவிட்டது. நன்றாகத் தூங்கு.

நான் வந்து நின்றிருந்தால் நீ இதைச் செய்திருக்க முடியாது. நான் மட்டும் வந்திருந்தால். இந்த வரியை நான்கு தடவை எழுதி அழித்தேன்.

கூட்டத்துக்கு முன்பே அவளை இங்கே அழைத்துக்கொள்கிறேன். தகரக் கொட்டகைதான். ஆனால் மகனுடைய கொட்டகை.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

உன் கடிதம் வந்த அன்று நான் இல்லத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பையில் போட்டுக்கொண்டு போனேன். கூடத்தில் அம்மாவின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தேன். தூங்கு என்று நீ எழுதிய வரி வந்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. "கேளும்மா, உன் பிள்ளை எழுதியிருக்கிற லட்சணத்த" என்று சத்தமாகவே படித்தேன். யாரும் கேட்பார்கள் என்று நினைத்துப் படிக்கவில்லை.

"மறுபடி படி."

இரண்டு மாதத்தில் முதல் பேச்சு.

"அழாத. மூக்க உறிஞ்சாம படி. மூணாவது பத்திய மட்டும் படி."

படித்தேன். கையை நீட்டினாள். தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பி விரலால் தடவினாள். நீ அழித்த இடம் பின்னால் புடைத்துக்கொண்டிருந்தது. "எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கான் பாரு" என்றாள். "இவன் எதையோ மறைக்கறான். இதுக்கு முன்ன எழுதினது இருக்கா?"

என் பையில் இருந்தது. மார்ச் 15. மூக்குக்கண்ணாடி கேட்டு, தானே படித்தாள். பல் குத்துவதைப் போல ஒவ்வொரு வரியாக. பத்து நிமிடம் ஆயிற்று. "லீவு கிடைக்கலன்னு ரெண்டு தடவை எழுதியிருக்கான். நிஜமாவே கிடைக்காதவன் ஒரு தடவை எழுதிட்டு மேல போயிடுவான்."

அவள் வேலை பார்த்தது குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் என்பது நமக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம். அங்கே என்ன செய்தாள் என்று நாம் கேட்டதில்லை. அன்று சொன்னாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கடிதங்கள். "முதல் பத்தி மரியாதைக்கு. ரெண்டாவது அடுத்தவன் மேல பழி. மூணாவதுலதான் ஆளு இருப்பான். குழாயில தண்ணி வரலன்னு எழுதுவாங்க. மூணாவது பத்தியில பாத்தா மாமியாரோட சண்டையா இருக்கும்."

"உனக்கு அந்த வேலை பிடிக்குமா?" என்றேன்.

"பின்ன?"

"தினமும் தலைவலியோட வருவியே."

"கண்ணாடி பவர் சரியில்ல. ஆறு வருஷம் மாத்தாமலே ஓட்டினேன்."

டைம்டேபிள் கதவருகில் நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. கையில் என் படிவம். "வேலைன்ற கட்டத்துல எழுத்தர்னு மட்டும்தானேக்கா போட்டிருந்தீங்க" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. எனக்குத்தான் சுட்டது. பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. நம் அரைத்தாள்களை அவள் டீயை ஆறவிட்டுப் படித்துக்கொண்டிருப்பாள். அசதி என்று நினைத்தோமே.

எதிரே கண்டக்டர். "நானும் கேட்டுட்டுதான் இருக்கேன். உங்க தம்பி நல்லா ரைட் குடுக்கறாரு. ஆனா அவரு இறங்க வேண்டிய ஸ்டாப்பு வந்தா இறங்க மாட்டேங்கறாரு."

உன் கொட்டகைக்கு அழைத்துப் போவதைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "அது நாலாவது பத்தி. நாலாவது பத்தி எல்லாரும் வீரமாத்தான் எழுதுவாங்க" என்று சொல்லிவிட்டாள்.

எதை மறைக்கிறாய்?

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நீயும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அம்மா பேசிய செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. கோபத்தில் எழுதியதை எல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு வருடம் நீ பட்ட சிரமம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு எது நல்லதோ அதை நீயே முடிவு செய். இங்கே மழை தொடங்கிவிட்டது. வேலை நன்றாகப் போகிறது. அம்மாவிடம் என் அன்பைச் சொல்லவும்.

தம்பி


மே 2

தம்பி,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். முடித்ததும் காத்திருந்தாள். "அவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். "இது லெட்டர் இல்ல. வாழ்த்து அட்டை" என்று மடித்து நாற்காலிக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

நடுவில் நல்லதாக ஒன்று நடந்தது. டைம்டேபிள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பழைய ஷூ பெட்டியை ஓட்டை போட்டு வைத்தாள். "புகார் இருந்தால் எழுதிப் போடவும். அரைத்தாளுக்கு மிகாமல்." கூட்டத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. முதல் நாள் மூன்று தாள்கள். மறுநாள் பதினொன்று. எழுத முடியாதவர்கள் சொல்லச் சொல்ல டைம்டேபிளே எழுதினாள். அம்மா காலை டீயோடு உட்கார்ந்தால் மதியம்தான் நிமிர்கிறாள். கண்டக்டர் சூப் ஆறிப்போய் வருகிறது என்று எழுதியிருந்தார். அம்மா அவரைக் கூப்பிட்டு, "சூப்ப விடுங்க. ஞாயித்துக்கிழமை யாரு வரலை?" என்று கேட்டிருக்கிறாள். அவர் கொஞ்ச நேரம் கைக்குட்டையைத் தேடினாராம்.

ஒன்பதாவது கேள்விக்கு டைம்டேபிள் பென்சிலில் பதில் எழுதியிருக்கிறாள். காட்டினாள். "பிறர் குறைகளைப் படிப்பது." அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு பொறாமையும். அறுபது நாளாக அவளைப் பார்க்கிற ஒருத்திக்கு என்னைவிட அதிகம் தெரிகிறது. நாற்பது வருடமாக நான் அவளைப் பார்த்ததெல்லாம் என்ன என்று யோசிக்கிறேன்.

கூட்டத்தில் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு நாள் ஆர்வத்தை நம்பி எழுத முடியாது, மே 31 வரை பார்க்கலாம் என்றார்கள். சரி, இனி பயமில்லை என்று நினைத்தேன். நேற்றிலிருந்து அம்மா பெட்டியைத் தொடவில்லை. டைம்டேபிள் கொண்டுபோய் வைத்தால் நகர்த்திவிடுகிறாள். "ஒரு ஃபைல் நிலுவையில இருக்கு. அத முடிக்காம புதுசு எடுக்க மாட்டேன்" என்கிறாள். அந்தக் காலத்தில் அவள் மேஜையின் விதியாம் அது. இன்று மறுபடி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். அட்டவணையில் மறுபடி "பங்கேற்கவில்லை".

நிலுவையில் இருப்பது உன் ஃபைல்.

அக்கா


மே 11

அக்கா,

இதை நீ அம்மாவிடம் படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். கண்டக்டரும் கேட்பார். கேட்கட்டும்.

நீ என்னைக் கேட்காமல் சேர்த்தாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் நீ ஏழு தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. சுரங்கத்துக்குள் இருந்ததாகச் சொன்னேன். நான் வரைபடம் போடுகிறவன். சுரங்கத்துக்குள் போவது மாதத்துக்கு ஒரு நாள். பழி போட என்னிடம் இருந்தது இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் இரண்டு வரிகூடத் தேறவில்லை.

லீவு கிடைத்தது. பிப்ரவரி 9 முதல் ஆறு நாள். லாரியில் பஸ் நிலையம் வரை போனேன். டிக்கெட் எடுத்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. எதிரே இருந்த லாட்ஜில் அறை எடுத்து ஆறு நாளும் ஜன்னல் வழியாக அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஏழே கால், மாலை நாலு. ஆபரேஷன் அன்றும் அங்கேதான் இருந்தேன். வந்தால், ஆறு வருடம் நீ செய்ததை ஆறு நாள் நானும் செய்து பார்க்க வேண்டியிருக்கும். அப்புறம் உன்மேல் கோபப்பட முடியாது. அக்கா, அந்தக் கோபத்தை எடுத்துவிட்டால் அம்மாவுக்காக என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை.

நாலாவது பத்தியில் வீரமாக எழுத ஒன்றுமில்லை.

தம்பி


மே 19

தம்பி,

படித்தேன். கூடத்தில் வேண்டாம் என்று அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மெதுவாகப் படித்தேன். மூன்றாவது பத்தியை நான் தனியாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் மறுபடி என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ பூவாளியால் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சிவப்புப் பேனா கேட்டாள். இல்லத்தில் எல்லாம் நீலம். டைம்டேபிள் தன் மேஜை இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடி ஒன்றைக் கொண்டுவந்தாள். முனை காய்ந்திருந்தது. அம்மா அதை வாயில் வைத்து ஊதி, நகத்தில் கிறுக்கிப் பார்த்து, உன் கடிதத்தின் ஓரத்தில் எழுதினாள். ஐந்து வார்த்தை இல்லை, ஆனால் வெகு நேரம் ஆயிற்று. கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால்: "மனுதாரரை நேரில் வரச் சொல்லவும்."

நான் இதோடு முடிந்தது என்று நினைத்துப் பையை எடுத்தேன். "நீ அவனுக்கு எழுதினதெல்லாம் எங்க?" என்றாள். அவனிடம் இருக்கிறது என்றேன். "எடுத்துட்டு வரச் சொல்லு. ரெண்டு பக்கமும் பாக்காம ஃபைல் மூட முடியாது." மார்ச் 28 கடிதத்தில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். முதல் வாரத் தூக்கம். அதை அவள் படிக்கும்போது நான் அந்த அறையில் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். இருக்க முடியுமா என்று தெரியவில்லை. நீ பக்கத்தில் நின்றால் ஒருவேளை முடியும். நல்லெண்ணத்தில் அதை மட்டும் எடுத்து ஒளித்துவிடாதே. எண்ணிக்கை குறைந்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

இன்று காலை ஷூ பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். படிக்கவில்லை. தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி, மேலே கண்ணாடியை வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். அட்டவணைக் கட்டத்தில் "பங்கேற்கவில்லை" என்று எழுத டைம்டேபிளுக்குக் கை வரவில்லை. 31 வரை காலியாக விட்டுவைத்திருக்கிறாள்.

அக்கா


மே 24

அக்கா,

27 காலை ஏழே கால் பஸ். உன் கடிதங்கள் ஐந்தும் பையில் இருக்கின்றன, மார்ச் 28 உட்பட. அம்மா எழுதியதும் இருக்கிறது.

ஜன்னல் ஓர இருக்கை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். லாட்ஜ் தெரியும்.

லீவு கிடைத்தது. ஒரு தடவைதான் எழுதுகிறேன்.

தம்பி